ஆண் இன்னும் கிடைக்கவில்லை

குளவிக்குப் பெயர் வைத்து என்ன கிழித்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். எங்கள் பூச்சித் துறையில் புதிதாகச் சேர்ந்தவன். ஓய்வு பெற்றவர்களை வரிசையாக உட்காரவைத்து மாலை போட்ட கூட்டத்தில் கேட்டான். மருந்துத் தூளைத் தெளித்தால் புழு செத்துவிடுகிறது, பிறகு எதற்கு அறை நிறையச் செத்த குளவி என்றான். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன். தலைவர் மணியடித்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். எனக்கு இனிப்பாக எழுத வராது.

நான் தென்னேரிக்காரன். அண்ணன்கள் ஏர் பிடித்தார்கள். எனக்கு நிலத்தில் பங்கு இருந்தது, வேலை இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சயின்ஸ் அறையில் குப்பிகளைக் கழுவும் வேலை கிடைத்தது. அங்கே சயின்ஸ் வாத்தியார் ஆராவமுதன் சார். பையன்களுக்குத் தவளையையும் காந்தத்தையும் சொல்லிக்கொடுப்பார். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்க் குளவி பார்ப்பார். என் கை நடுங்குவதில்லை என்று கண்டுகொண்டு என்னையும் அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

பூச்சி ஒட்டக் கற்றதை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. நிறையக் கெடுத்தேன். திரும்பச் செய்தேன். இரண்டு மழைக்காலம் போனபின் கெடுப்பது நின்றது.

அவர் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. மாட்டுக்கொட்டிலைத் தாண்டிக் கொல்லையில் ஓர் அறை. நான் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வரவேண்டும். வாசல் வழியாக என் சாதிக்காரன் போகமுடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். "எனக்கும் பிடிக்கல. ஆனா மாத்தற தைரியம் இல்ல" என்றார். கோபம் வந்தது. ஆனால் பொய் சொல்லவில்லையே என்றும் தோன்றியது. ஒரு வேடிக்கை உண்டு. செத்த பூச்சியைத் தொட்டதால் அவரும் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவர் மனைவி கோமளத்தம்மா சமையலறை ஜன்னலில் நின்று கத்துவார்.

"ஏன்னா, குளவியத் தொட்ட கையோட நடையில கால வெச்சேளோ, அந்தக் காப்பிய மாட்டுக்கு ஊத்திடுவேன்!"

"மாடு காப்பி குடிக்காது, கோமளம்."

"உங்க கையால குடுத்தா குளவியே குடிக்கறது. மாடு குடிக்காதா?"

அதனால் அவருக்கும் காப்பி கொல்லைக்கே வரும். இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று குடிப்போம். தெருவில் வேறெங்கும் நடக்காத காரியம் அது.

வேலையைச் சொல்கிறேன். இப்போது சேர்கிறவர்கள் கவனமாகப் படிக்கட்டும். தூரத்திலிருந்து வரும் குளவி காய்ந்து சருகாக இருக்கும். தொட்டால் கால் உதிரும். மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, பூஞ்சணம் வராமல் ஒரு சொட்டு கார்பாலிக் விட்டு, மேலே காகிதம் போட்டு, அதில் குளவியை வைத்து மூடவேண்டும். மறுநாள் உடம்பு இளகிவிடும். விரலால் எடுக்கக்கூடாது. ஒற்றை மயிர்த் தூரிகையின் ஈரத்தில் ஒட்டி எடுக்கவேண்டும். அட்டையைச் சின்ன முக்கோணமாக வெட்டி அதன் நுனியில் வேலம்பிசின் வைப்போம். கடுகில் பாதி வைத்தாலே அதிகம். குளவியின் வலது விலா மட்டும் பிசினில் படவேண்டும். வயிற்றைக் கவிழ்த்து ஒட்டுகிறவன் சோம்பேறி. கவிழ்த்து ஒட்டினால் அடிப்பக்கம் பிசினில் மறைந்துபோகும். ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளம் பாதிநேரம் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கும். பிறகு அட்டையின் அகலமான பக்கத்தில் ஊசி. ஊசியில் கீழே, எங்கே கிடைத்தது, யார் பிடித்தது என்ற சீட்டு.

அறையில் விசிறி கிடையாது. சித்திரை வெயிலிலும் கிடையாது. தும்மல் வந்தால் வெளியே ஓடவேண்டும். ஒருநாள் கோயிலில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் பொடி போட்டுக்கொண்டு கதவருகே வந்து, "என்ன சுவாமி, ஏதாவது புதுசா உண்டோ?" என்று கேட்டபடியே தும்மினார். ஓர் இனத்தில் எங்களிடம் இருந்தது மொத்தமும் போயிற்று. சார் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் செய்வது அவ்வளவுதான். நான் அவருக்கும் சேர்த்துத் திட்டினேன்.

எண்ணுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. குளவியின் மீசையில் எத்தனை கணு, பின்காலில் எத்தனை முள், இறக்கை நரம்பு எங்கே முடிகிறது என்பதை முதலில் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார். பிறகு நான் பார்த்து என் சிலேட்டில் எழுதவேண்டும். இரண்டையும் ஒன்றாகத் திருப்புவோம். ஒத்துப்போனால் சரி. இல்லாவிட்டால் இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. "சார், நீங்க படிச்சவரு, உங்க கணக்கே சரியா இருக்கும்" என்று ஒருமுறை சொன்னேன். "படிச்சவன் எதப் பாக்கணும்னு நெனைக்கறானோ அதத்தான் பாப்பான். அதுக்குத்தான் நீ" என்றார். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. உண்மை என்று மட்டும் தெரிந்தது.

எங்களுக்கு வந்த குளவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மாகறல் ஏகாம்பரம் அனுப்பியவை. சாரிடம் படித்தவன், கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வே குமாஸ்தா. அவன் ஸ்டேஷனை ஒட்டித் தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கிற ஒருவகை வேல மரத்தோட்டம் இருந்தது. அந்த மரங்களை ஒரு புழு தின்றுகொண்டிருந்தது. சுள்ளிகளை நூலால் ஒட்டிப் பை மாதிரிக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே மேயும் புழு. நம் கருவேல மரங்களிலும் அதன் சாதி உண்டு. நாங்கள் சுள்ளிப்புழு என்போம். அந்தப் பைக்குள் முட்டையிட்டு, குஞ்சுகளுக்குப் புழுவை இரையாக்கும் குளவிகளை ஏகாம்பரம் தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்து அனுப்புவான். நம்மைக் கொட்டுகிற குளவி இல்லை. எறும்பு அளவுதான்.

தீப்பெட்டிகள் எப்போதும் இரண்டு வகையாக வரும். ஒன்றில் கறுப்பாக, ஒல்லியாக, இறக்கையோடு இருப்பவை. இன்னொன்றில் செம்மண் நிறத்தில், இறக்கையே இல்லாமல், அச்சு அசல் எறும்பு மாதிரி இருப்பவை. இறக்கையுள்ளதற்கு ஐரோப்பாவில் ஒருவர் முன்பே பெயர் வைத்திருந்தார். இறக்கை இல்லாததற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சார் வருஷக்கணக்கில் பார்த்தார். அது எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. பேரினம் என்றால் நெருங்கிய பல இனங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வீட்டுப்பெயர் மாதிரி. கடைசியில் அவரே ஒரு புதுப் பேரினம் ஏற்படுத்தி, இறக்கையில்லாதவற்றை அதில் மூன்று இனங்களாகப் பிரித்து வைத்து எழுதினார். சீமைப் பத்திரிகையில் அச்சாயிற்று. அந்தப் பெயருக்குள் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அது செல்லாத பெயர்.

அந்தக் கட்டுரையில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, "இப்பேரினத்தின் ஆண் இன்னும் கிடைக்கவில்லை." கிடைத்த இறக்கையில்லாதவை எல்லாம் பெண். இரண்டாவது, இறக்கையுள்ள கறுப்புக் குளவியும் அதே மரத்தில் கிடைப்பதால், அது இறக்கையில்லாத நல்ல குளவியைத் தின்னும் எதிரியாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். அந்தக் கறுப்புக் குளவிக்குப் பெயர் வைத்த ஐரோப்பியரும் தம் கட்டுரையில் "பெண் இன்னும் கிடைக்கவில்லை" என்றுதான் எழுதியிருந்தார்.

இப்போது படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும். சிரிக்காதே. குளவிகளில் ஒரு பால் மட்டும் தெரிந்த பேரினங்கள் எத்தனையோ. நிறம் வேறு, உடம்பு வேறு, மீசை வேறு, பெட்டியும் வேறு. நீயாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாய்.

கட்டுரை வந்ததும் பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். மதராஸில் சர்க்கார் பூச்சித் துறைக்குத் தலைவராக இருந்த துரை கடிதம் போட்டார். பூச்சிகளை இனம் பிரிக்க ஓர் உத்தியோகம் புதிதாக வருகிறது, புதுப் பேரினம் கண்டவர் என்ற முறையில் உங்கள் பெயரை யோசிக்கிறேன், வைகாசியில் வந்து அந்தக் குளவிகளை நேரில் பார்க்கிறேன் என்று. சாருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பத்துப் பதினைந்து வருஷமாக எட்டாம் வகுப்புக்குத் தவளை அறுத்தவர். பெரிய லைப்ரரி, நல்ல மைக்ராஸ்கோப், நாள் முழுக்கக் குளவி. அதற்குமேல் அவர் ஆசைப்பட்டது எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் வந்த அன்று கிணற்றடியில் மூன்று தம்ளர் காப்பி குடித்தார்.

பங்குனியில் ஏகாம்பரம் லீவில் ஊருக்கு வந்தான். பிஸ்கட் டின் ஒன்றோடு சந்து வழியாக நுழைந்தான். முகம் செத்திருந்தது.

"மன்னிச்சிக்கோங்க சார். இந்த வாட்டி ஒழுங்கா கொண்டாரல. கப்பலுக்கு நேரமாயிடுச்சு. கிளையோட வெட்டி டின்னுல திணிச்சிக்கினு வந்துட்டேன். ஒண்ணும் பிரிக்கல."

"பிரிக்கலன்னா?" என்றேன்.

"எப்பவும் பிரிச்சுதானப்பா அனுப்புவேன்? பைய வெட்டி, குளவிய எடுத்து, றெக்க இருக்கறது ஒரு பொட்டி, இல்லாதது ஒரு பொட்டி. பைய தூக்கி எறிஞ்சிடுவேன்."

சாரின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"ரெண்டும் ஒரே பையிலயா இருந்துது?" என்று நான் கேட்டேன்.

"சில பையில ரெண்டும் இருக்கும். இன்னா இப்ப?"

"யோவ், யாருய்யா உன்ன பிரிக்கச் சொன்னது?"

"இன்னாபா இப்பிடிக் கத்தற? ரயில்வேல வேல செய்யறவன் நானு. கூட்ஸ் வேற, பாசஞ்சர் வேற. கலந்து அனுப்புனா எனக்குச் சோறு எறங்காது."

அவனைக் கிணற்றில் தள்ளலாம் என்று இருந்தது. அவன் இன்னொன்றும் சொன்னான். பெருமையாகவே சொன்னான். "சார், உங்க கட்டுரைய தோட்டத்து துரைகிட்ட காமிச்சேன். ரொம்ப சந்தோசம் அவருக்கு. மரத்துக்கு மரம் வெல்லத் தண்ணித் தட்டு வெச்சி, றெக்க வெச்சத எல்லாம் புடிச்சிக் கொல்றாங்க. நல்லது தப்பிச்சிக்கும்ல? ஆனா புழு மட்டும் கொறயவே மாட்டேங்குது. இந்த வருசம் ரொம்ப ஜாஸ்தி."

அவன் போனபிறகு சார் ஒரு பையைக் கிழித்தார். உள்ளே புழுவின் வெறும் தோல். பக்கத்தில் வரிசையாகக் குளவிகளின் சின்ன வெள்ளைக் கூடுகள். ஒரு கூட்டில் கறுப்பு, இறக்கையோடு. அடுத்த கூட்டில் சிவப்பு, இறக்கை இல்லாமல்.

"ஆம்பள, பொம்பள. அவ்ளோதான சார்?" என்றேன்.

"அவ்வளவு சுருக்கச் சொல்லாதே. ஒண்ணு புழுவத் தின்னிருக்கலாம், மத்தது அந்தக் குளவியத் தின்னிருக்கலாம். அப்பவும் ஒரே பையிலதான் இருக்கும்."

தன் பெயரைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று நினைத்தேன். அதையும் சொன்னேன். "இருக்கலாம். அதனாலதான் என்னை நானே நம்பக்கூடாது. தின்னிருந்தா தின்ன மிச்சம் இருக்கும். தேடு" என்றார். தேடினோம். குளவியைக் குளவி தின்றிருந்தால் ஒரு கூட்டுக்குள் இன்னொரு கூடு இருக்கும், கடித்த தோல் இருக்கும். எதுவும் இல்லை. ஆனாலும் இல்லை என்பதை வைத்து முடிவு கட்டமாட்டேன் என்றார்.

அவர் செய்தது இதுதான். டின்னில் இருந்த பைகளைக் கிழித்து, இன்னும் திறக்காத ஒவ்வொரு வெள்ளைக் கூட்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சு அடைத்தார். உள்ளே இருப்பது வெளியே வரும்போது வேறெதையும் பார்த்திருக்கக்கூடாது. ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாம் காகிதம் ஒட்டினேன். ஆப்பிரிக்கக் குளவி ஒன்றுகூடக் காஞ்சிபுரத்துக் காற்றில் போகக்கூடாது என்பது உத்தரவு. பிறகு தென்னேரிக்குப் போய் ஏரிக்கரைக் கருவேல மரங்களிலிருந்து உயிருள்ள சுள்ளிப்புழுக்களை ஒரு கூடை கொண்டுவந்தேன்.

"தேனீல, ஆண் சேராத பெண் முட்டை போட்டா எல்லாம் ஆணாப் பொறக்கும். குளவியிலயும் அப்படித்தான்னு பாத்திருக்கா" என்றார் சார். "ஆணையே பாக்காத ஒரு செவப்ப நம்மூர்ப் புழுவோட விடுவோம். என் பேரினம் நெஜம்னா, அதுக்குப் பொறக்கற ஆண் நான் இதுவரைக்கும் பாக்காத ஏதோ ஒண்ணா இருக்கணும். பொறக்கறது அந்தக் கறுப்புக் குளவின்னா..."

"பொறந்தா?"

"என் பேரினம் இல்ல. மதராஸும் இல்ல."

முதலில் கறுப்புகள் வெளியே வந்தன. அவற்றை அப்படியே எடுத்துவிட்டோம். சில நாள் கழித்து ஒரு சிவப்பு வந்தது. அதற்கு முன்பு எத்தனையோ சிவப்புக் குளவிகளை ஒட்டியிருக்கிறேன். எல்லாம் பிணம். இது நடந்தது. மீசையால் கண்ணாடியைத் தட்டித் தட்டி, எதையோ தொலைத்த மாதிரி நடந்தது. அரிக்கேன் விளக்குக் கண்ணாடியின் இரு வாயிலும் மல் துணி கட்டி, உள்ளே எங்கள் ஊர்ப் புழுக்களைப் பையோடு வைத்து அதை விட்டோம். இன்னொரு விளக்குக் கண்ணாடியில் அதே கூடையிலிருந்து எடுத்த புழுக்கள், குளவி இல்லாமல். "நம்மூர்ப் புழுவுல ஏற்கெனவே ஏதாவது குளவி இருந்தா அங்கயும் வரும். அப்ப ஏமாற மாட்டோம்" என்றார். இந்த இரண்டாவது கண்ணாடியை வைக்காதவன் சோதனை செய்யவில்லை, விளையாடுகிறான்.

சிவப்பு ஒரு பையின்மேல் ஏறி நின்றது. வெகுநேரம் தட்டிப் பார்த்தது. பிறகு வாலைச் சுள்ளிகளின் நடுவே நுழைத்தது. கோமளத்தம்மா கொல்லை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"தனியா ஒருத்தி கடல் தாண்டி வந்து பிள்ளை பெத்துக்கறா. இதுக்கு ரெண்டு ஆம்பள காவல். பொறக்கறத என்ன பண்ணப்போறேள்?"

"கொல்லணும்" என்றார் சார்.

"ராம ராம. பெருமாள் கோயில் தெருவுல."

சித்திரை முழுக்கக் காத்திருந்தோம். அவர் பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை பார்ப்பார். ஒருநாள் காலை நான் வந்தபோது அவர் விளக்குக் கண்ணாடிக்கு முன் குந்தியிருந்தார். மல் துணியின் உள்பக்கம் குளவிகள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் கறுப்பு. எல்லாவற்றுக்கும் இறக்கை. துணி வழியாக வந்த வெளிச்சத்தில் இறக்கைகள் மின்னின. மற்றக் கண்ணாடியில் எதுவும் இல்லை. புழுக்கள் பாட்டுக்கு வேல இலையைத் தின்றுகொண்டிருந்தன.

அவற்றைக் கொன்று, ஒட்டி, சிலேட்டில் எழுதித் திருப்பினோம். மீசை, கால், நரம்பு எல்லாம் அந்த ஐரோப்பியர் பெயர் வைத்த குளவியேதான்.

வீட்டம்மாவிடம் சார் போய்ச் சொன்னார். இறக்கையில்லாத தாய்க்கு இறக்கையுள்ள பிள்ளைகள் என்று.

"இதுல என்ன அதிசயம்? எனக்கும் ரெண்டு பிள்ளை பம்பாய்க்குப் பறந்துடுத்தே. நான் கொல்லையத் தாண்டினேனா?"

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பிறகு அறைக்கு வந்து காகிதத்தை எடுத்தார். நான் கையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன்.

"சார், துரை வந்துட்டுப் போவட்டும். ஆர்டர் கைக்கு வந்தப்புறம் எழுதுங்க. குளவி இன்னா கேசா போடப்போவுது?"

"அங்க ஆணையெல்லாம் பிடிச்சுக் கொன்னுண்டிருக்கா, முனுசாமி. என் எழுத்தப் பாத்து. ஆணில்லாத பெண் என்ன பெறும்னு இப்பத்தான் பாத்தோம். வெறும் ஆணாப் பெறும். அதையும் கொல்லுவா. புழு ஜாஸ்தியாகாம என்ன பண்ணும்?"

"அந்தத் தோட்டத்துக்கு மட்டும் எழுதுங்க. பத்திரிகைக்கும் மதராஸுக்கும் அப்பால எழுதிக்கலாம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி. நான் அந்த நாற்காலியில போய் உக்காந்துட்டேன்னு வெச்சுக்கோ. ஒரு குளவியப் பாத்துப் பேர் சொல்றேன். நீ நம்புவியா?"

எனக்குப் பொய் வராது. "நம்ப மாட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன?"

மூன்று கடிதமும் அன்றே போயின. தபாலில் போட்டவன் நான்தான். போட்டுவிட்டுத் தபால்பெட்டியை ஓர் உதை விட்டேன்.

மதராஸ் துரை சொன்னபடி வந்தார். கடிதம் கிடைத்தும் வந்தார். ஊர் தெரியாமல் கருட சேவையன்று வந்து சேர்ந்தார். கூட்டத்தில் கார் நகரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குடைக்கும் கொட்டுக்கும் நடுவே நெரிந்து நடந்து, வேர்த்து வழிய வந்தார். அவரை வாசல் வழியாக அழைத்துவந்தார்கள். அவரும் பூச்சி தொடுகிறவர்தான். நான் கொல்லையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் ஒரே ஒரு பெட்டியைத் திறந்துவைத்தார். அதில் சிவப்பும் கறுப்பும் அடுத்தடுத்த ஊசியில் ஜோடி ஜோடியாக இருந்தன. துரை லென்ஸை வைத்துப் பார்த்தார். அவர்கள் பேசியது இங்கிலீஷ். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

"அப்படியானால் உங்கள் பேரினம்?"

"இல்லை."

"யார் மறுத்தது?"

"நான்தான்."

துரை லென்ஸை மடித்தார். காப்பி குடித்தார். பெட்டியைக் காட்டி, ஒட்டியது யார் என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். தேர்வு முறைப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. பெரிய இடத்துப் பட்டம் பெற்றவர். சார் ஆனியில் மறுபடி எட்டாம் வகுப்புக்குத் தவளை அறுத்தார்.

சில மாதம் கழித்து எனக்கு ஓர் உத்தரவு வந்தது. அதே துறையில் பூச்சி ஒட்டும் வேலை. கிழித்துப் போடப்போனேன். அவரை வேண்டாம் என்றவனிடம் நான் ஏன் போகவேண்டும்? சார் என்னை முதல்தடவையாக அதட்டினார். "என் கோபத்தையே நான் படல. நீ ஏன் படறே? அங்க நல்ல மைக்ராஸ்கோப் இருக்கு. போய்ப் பாரு." போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். கோபம் மட்டும் போகவில்லை.

ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவில் வெல்லத் தண்ணித் தட்டுகளை எடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் மரம் தழைத்தது என்று ஏகாம்பரம் எழுதினான். இனிமேல் பையோடுதான் அனுப்புவேன், மனசு கேட்கவில்லை, ஆனாலும் அனுப்புவேன் என்றும் எழுதினான். சார் தன் பெயரை அடித்துவிட்டு, அந்த ஐரோப்பியர் வைத்த பேரினத்தையே ஆண், பெண் இரண்டையும் வைத்து முதலிலிருந்து விவரித்தார். தனித்தனியாகக் கிடந்த நிறைய இனங்கள் ஜோடி சேர்ந்தன. சில பெயர்கள் செத்தன. இரண்டு இனம் நிஜமாகவே புதிது என்று தெரிந்தது. அந்தக் கட்டுரையைத்தான் இன்றைக்கும் அந்தக் குளவி பார்க்கிற எல்லோரும் திறக்கிறார்கள். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டவன் மேசையிலும் அது இருக்கும். அவன் பிரித்துப் பார்த்திருக்கமாட்டான்.

நான் துறையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து இறக்கையில்லாத குளவிகள் வந்தன. பட்டம் பெற்றவர் பல நாள் பார்த்தார். புத்தகங்களைப் புரட்டினார். புதுப் பேரினமாக இருக்கலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை, நேர்மையாகத்தான் குழம்பினார். கடைசியில் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இந்த வகையை இந்த நாட்டில் யாருக்காவது தெரியுமா?"

"தெரியும் சார். காஞ்சிபுரத்துல ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் கீறாரு" என்றேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது யாரென்று. குளவிகளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அனுப்பு" என்றார். நானே பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. குளவிகளோடு ஒரு துண்டுக் காகிதம். அவர் கையெழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

"பெண் மட்டும் வந்துள்ளது. பெயர் சொல்ல மாட்டேன். இது வெளியே வந்த கரும்புத் துண்டையும், அதிலிருந்து வேறு என்ன வந்தாலும் அதையும் எறியாமல் அப்படியே அனுப்பவும்."

பட்டம் பெற்றவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். "வா முனுசாமி. கரும்பு வெட்டப் போகலாம்" என்றார்.